கொஞ்சம் தள்ளி

இரவு பதினொன்றே கால். நூற்றைம்பத்தைந்தாம் கட்டை,
பேக்கரிக்கு மேல்மாடி.
கீழே மாக் குழைக்கும் மெசின்
நின்று நின்று ஓடுகிறது.

ஒரு முகவரி எழுத எட்டு பைட்.
கேர்னலோ தொடங்கும் ஒவ்வொரு முறையும்
வேறோர் இடத்தில் போய் ஏறும்,
கள்ளனுக்குப் பிடிபடக் கூடாதென்று.
ஏறியதும் எட்டு பைட் முகவரிகள் அத்தனையும் பொய்.
தேடித் தேடித் திருத்தவேண்டும்
பதினோராயிரத்துச் சொச்சம்,
திரையில் முதல் எழுத்து விழுமுன்.

ஆகவே அழிக்கிறேன்.
'இன்ன முகவரியில்' என்பதை எடுத்துவிட்டு
'இங்கிருந்து இவ்வளவு' என்று வைக்கிறேன்.
நான்கு பைட் போதும்.
எல்லாம் சேர்ந்து நகர்ந்தால்
இடைவெளி மாறாது.
சேர்ந்து நகர்ந்தால்.

அந்த 'இவ்வளவு'க்குக் கலைச்சொல் ஏட்டில்
இடப்பெயர்ச்சி என்று கிடக்கிறது.
நிரலின் ஓரக்குறிப்பில் தட்டிவிட்டுப் பார்த்தேன்.
வரி வெறுமையாகும்வரை
அழிக்கும் விசையில் இருந்து விரலை எடுக்கவில்லை.
இந்தப் பக்கத்தில் அந்தச் சொல்லுக்கு
ஏற்கெனவே வேலை அதிகம்.

மத்தியானம் சோதனைப் பலகை கொண்டுவந்த
கூரியர்ப் பெடியன் கீர்த்திகன், போனில்:
"அக்கா, விலாசத்தில கட்டை எண்டு போட்டிருக்கு,
கட்டையைக் காணேல்லை."
கட்டை இல்லைத் தம்பி.
றோட்டுக்குக் காப்பெற் போடேக்கை பிடுங்கினது.
இப்ப கிலோமீற்றர்க் கல்லுத்தான்.
"நூற்றைம்பத்தைஞ்சு எண்டா, எங்கயிருந்து?"
கண்டியில இருந்து. மைல்.
அவன் சிரித்தான். நானும்.
கண்டியில் நின்று எண்ணிக்கொண்டு
யார் எனக்குப் பார்சல் கொண்டுவருவது?
நீர் இப்ப எங்க நிக்கிறீர்?
"பெற்றோல் செற்றடி."
அதில இருந்து வடக்கால, கொஞ்சம் தள்ளி.
நாலு நிமிடத்தில் வந்துவிட்டான்.

ஓரக்குறிப்பில் இப்போது 'தள்ளி' என்று இருக்கிறது.
மேற்பார்க்கிறவர்கள் சண்டைக்கு வரட்டும்.

முப்பத்தாறு முகவரிகளை மட்டும் தொடவில்லை.
கடிகாரம், சீரியல் போட், இன்னும் சில:
பலகையில் ஈயம் வைத்து ஒட்டியவை.
கேர்னல் எங்கே ஏறினாலும்
அவை இருந்த இடத்திலேயே இருக்கும்.
அவற்றுக்கு முழு எட்டு பைட்டும் வேண்டும்.
கொடுத்தேன்.

மூன்று தரம் தொடக்கினேன்.
மூன்று தரமும் வேறு வேறு இடம்.
மூன்றாவதில் மட்டும் சீரியல் போட்
ஒரு கணம் பேசாமல் இருந்துவிட்டுப் பேசியது.
ஏனென்று தெரியவில்லை.
நாற்பத்துநாலு கிலோபைட் மிச்சம்,
அதை வைத்து ஒரு நல்ல படம்கூட ஏற்ற முடியாது.

மூன்று மணி. கீழே
றோஸ் பாண் முதல் தட்டு இறங்குகிறது.
அந்த ஒரு கணத்தைத் தேடி
நாலாம் தரம் தொடக்குகிறேன்.