மஞ்சள் விழுந்த குழாய்

மசேருவில் அன்று பனி.
ஜெனரேட்டர் இரண்டு முறை இருமி நின்றுவிட்டது.
அடைகாக்கும் பெட்டிக்குள் மட்டும்
இன்னும் மீதமிருந்தது
முப்பத்தேழு டிகிரி கோடை.

முட்டை கலந்து உறையவைத்த பச்சைச் சரிவில்
ஐந்து வாரம் கழித்து முளைத்திருக்கிறது
சொரசொரப்பாய், காலிஃபிளவர்த் துணுக்குபோல்,
மொட்லலெபுலா மொகேதியின் சளி.
வயது நாற்பத்தொன்று.
வெல்கம் தங்கச் சுரங்கத்தில்
பதினெட்டு வருடம் பாறை குடைந்தவர்.

வெந்நீர் ஊற்றிச் சாய்த்துவைக்கிறேன்.
அனிலின் சில துளி.
பிறகு, மூச்சை அடக்கிக்கொண்டு, அந்த இன்னொன்று:
முகர்ந்தால் ஆளைச் சாய்ப்பது.

நிறமற்ற நீர்
எலுமிச்சைத் தோலாகிறது.

பக்கத்து மேசையில் லினேயோ
தீக்காயக் கட்டில் ஊறிய நீலப்பச்சையைத் தூக்கிக் காட்டி
"செப்புக் காசைத் துடைத்த துணி" என்கிறான்.
அவன் கிருமிகள் சாயம் பூசிக்கொண்டு வருகிற கூட்டம்,
தூரத்திலேயே தெரிந்துவிடும்.
என்னுடையது வெளிறிய ஆள்.
சத்தைக் கக்கி மாட்டிக்கொள்வது.
நியாசின்.
தேவைக்கு மேல் செய்துவிட்டு
வாசலில் கொட்டுகிற ஊதாரி.

அது இல்லாமல்தான்
இந்த மலைநாட்டில் எத்தனையோ கழுத்துகள்
தோல் உரிந்து சிவப்பு மாலை போட்டுக்கொண்டன.
மூன்று வேளையும் மக்காச்சோளக் களி,
கிடைத்தால் கீரை.
மொகேதியின் மனைவி புசெலெட்சோவுக்கும் உண்டு
அந்தக் கருத்த தடம்.
போர்வை ஊசியை மேலே ஏற்றிக் குத்தி மறைத்திருந்தாள்.

முடிவு கேட்க வந்தவள்.
"மஞ்சள் நல்லதா?"
"இல்லை."
"அப்படியென்றால் என்ன அது?"

சொன்னேன். சொல்லியிருக்கக் கூடாது.
வைட்டமின் என்ற சொல் அவளுக்குத் தெரியும்;
மிஷன் ஆஸ்பத்திரியில்
எண்ணி எண்ணிக் கொடுத்த வெள்ளை மாத்திரை.

"அவர் நெஞ்சுக்குள்ளேயே செய்கிறதா?"
"ஆமாம்."
"இவ்வளவு நாளாகவா?"
"ஆமாம்."

கொஞ்ச நேரம் குழாயையே பார்த்தாள்.
"எங்கள் சட்டியில் ஒரு சிட்டிகை போட்டிருக்கலாமே"
என்றாள்.
சிரித்தாளா என்று தெரியவில்லை.

பதிவேட்டில் எழுதினேன்: நியாசின், பாசிட்டிவ்.
அவருக்குத் தரப்போகும் மருந்தும்
அதே சத்துக்கு ஒன்றுவிட்ட தம்பிதான்,
முகச்சாயலைக் காட்டி உள்ளே நுழைந்து கொல்வது
என்று சொல்ல வாயெடுத்து
விட்டுவிட்டேன்.
ஒரு நாளைக்கு ஒரு குடும்பக் கதை போதும்.

ஜன்னலுக்கு வெளியே
மாஃபெட்டெங் பேருந்துக்குச் சில்லறை எண்ணிக்கொண்டிருந்தாள்.
இரண்டு கையும் வேண்டியிருந்தது அதற்கு.
போர்வை சரிந்து
ஊசி கழன்று தொங்கியது.

கழுத்தில் பனி விழுந்துகொண்டிருந்தது.
அவள் மறுபடி முதலிலிருந்து எண்ணினாள்.