எண்ணெய் படாத காகிதம்

நான்கு மணிக்கு என் நாக்கு
நாற்காலியை விட்டு எழுந்துவிடும்.
நான் அதற்குப் பின்னால்தான் எழுவேன்.
மஞ்சக்குப்பத்தில் பதிவு அலுவலகத்துக்கு எதிரே
பத்திரம் தட்டச்சு செய்கிறவள்.
கிழக்கே இன்னார் மனை, தெற்கே பொது வழி என்று
ஊரார் நிலத்துக்கெல்லாம் செக்குபந்தி எழுதுகிறவளுக்குத்
தன் வாய்க்கு ஓர் எல்லை இல்லை.

டாக்டர் மெஹருன்னிஸா திட்டவில்லை.
ரிப்போர்ட்டை மடித்துக்கொண்டே
‘பசிக்குதா, இல்ல நாலு மணி ஆயிடுச்சா?’
என்று மட்டும் கேட்டார்.
பதில் தெரியாமல்
பேருந்து நிலையம் வரை நடந்தே வந்தேன்.

அதிலிருந்து நாக்கை உட்காரவைத்துவிட்டு
மற்ற நாலு பேருக்குத் தீனி போடத் தொடங்கினேன்.

கெடிலம் பாலத்தில் பாதி வரை போய்
வற்றிய மணலில் ஒரு கொக்கு
அடுத்த அடி வைக்க எவ்வளவு யோசிக்கிறது
என்று பார்ப்பது.
ஏழு நிமிடம்.
திரும்பி வரும்போது கணினி தூங்கியிருக்கும்.

முகத்தில் தண்ணீர் அடித்துக்கொண்டு
துடைக்காமல் மின்விசிறிக்கு நேரே நிற்பது.
இதற்குக் காசே இல்லை,
தேவனாம்பட்டினம் கடற்கரைக்குப் போய்வந்த மாதிரி.

ஐந்து ரூபாய்க்கு ஒரு பொட்டு அட்டை,
இதுவரை வைத்தே இராத கரும்பச்சை.

ஒரு நாள் மரிக்கொழுந்து ஒரு கிள்ளு
விசைப்பலகைக்குப் பக்கத்தில்.
விடுதலைப் பத்திரத்தில் கையெழுத்துப் போட
முறைத்துக்கொண்டே வந்த அண்ணனும் தம்பியும்
ஒரே நேரத்தில் மூச்சை இழுத்தார்கள்.
எங்கிருந்து வாசனை என்று நான் சொல்லவில்லை.

பொய் சொல்லக் கூடாது.
துறைமுகத்தில் மூன்றாம் எண் கூண்டு ஏற்றிய நாளில்
கொக்கும் இல்லை, கொழுந்தும் இல்லை.
சாரலில் நின்றுகொண்டே
நாலு வாழைக்காய் பஜ்ஜி.
அஞ்சலாட்சி எண்ணவில்லை.
நான் எண்ணினேன்.

பிறகு பத்து நாள் அந்தப் பக்கமே போகவில்லை.
பதினோராம் நாள் அவளே சாலையைக் கடந்து வந்தாள்,
கையில் சாரணிக் கரண்டியோடு.
‘என்னா மேடம், எண்ணெ சரியில்லயா?’
சர்க்கரை என்றேன்,
எதையோ திருடி மாட்டிக்கொண்டவள்போல.
‘பேச்சுவார்த்த கூட ஆவாதுன்னா எழுதிக் குடுத்தாங்க?’

அவளுக்குத் தெரிந்திருக்கிறது,
பஜ்ஜி தீர்ந்த பிறகும்
பொட்டலத்தைப் பிரித்துவைத்துக்கொண்டு
நான் நின்றுகொண்டிருந்தது எதற்கு என்று.

இப்போது நாலு மணிக்கு
எடைக்கல்லுக்கு அடியில் எனக்கென்று ஒரு தாள்.
எண்ணெய் படாதது.
சத்தமாகப் படிக்க வேண்டும், அதுதான் விலை.

சில நாள் பழைய நாளிதழில் பாதி.
காணாமல்போன கறவை மாடு கிடைத்ததா என்பது
கிழிந்துபோன பக்கத்தில் இருக்கிறது.
அதைப் பற்றி நாங்கள் வாதாடியதில்
ஒரு ஈடு கருகியது.

சில நாள் எட்டாம் வகுப்பு விடைத்தாள்.
சோழர் கால நீர்ப்பாசனம் குறித்து எழுதச் சொன்னால்
ஒரு பையன்
தன் வீட்டு மோட்டார் கெட்டுப்போன கதையை எழுதியிருக்கிறான்,
மெக்கானிக் பெயர் உட்பட.
பத்துக்கு ஒன்றரை.
‘ஏழாவது போட்டிருக்கலாம்’ என்றாள் அஞ்சலாட்சி.
நானும் அதையே நினைத்தேன்.

நேற்று வந்தது என் தாளே.
பிழையென்று நான் கசக்கி எறிந்ததை
யாரோ நீவி, எடைக்குப் போட்டு,
அது சாலையைச் சுற்றி இங்கே வந்திருக்கிறது.
‘படிங்க.’
கிழக்கே தனபாக்கியம் மனை,
மேற்கே கோயில் மதில்,
வடக்கே கலியபெருமாள் கொல்லை,
தெற்கே பொது வழி.

‘அப்ப தெக்கால தொறந்துதான கெடக்கு’ என்றாள்.
கொஞ்ச நேரம் எண்ணெயையே பார்த்தாள்.
‘நல்லாத்தான இருக்குது, ஏன் கசக்குனீங்க?’

கலியபெருமாளில் மா விட்டுப்போச்சு என்றேன்.

‘மாவா?
எங்கிட்ட கேட்டிருந்தா குடுத்திருப்பேனே’ என்று
அடுத்த வாழைக்காயைத் தோய்த்தாள்.