ஒன்பதாம் கேள்வி

"உங்கள் பதிவுகளில்
விளக்கம் தேவைப்படும் இடம் ஏதேனும் உண்டா?
ஐந்நூறு எழுத்துகளுக்குள். இடைவெளியும் சேர்த்தி."

உண்டு.
பதினாலு வருஷத்துக்கு முந்தைய ஒரு சி மைனஸ்.
கரிம வேதியியல், பனிக்கால செமஸ்டர்.
அப்போது எனக்கு இருபது வயது,
ஹாக்கி மட்டையைத் தவிர எதையும்
ஒழுங்காகப் பிடிக்கத் தெரியாது.

டுலூத்தில் இன்று மைனஸ் இருபத்தாறு.
ஏரி கரையோரத்திலிருந்து உறைந்துகொண்டே
உள்ளே போகிறது.
மூன்றாம் முறையாகக் காபியைச் சூடாக்குகிறேன்.

என் பட்டம் நிலவியல்.
சுரங்கத்தை மூடிய அன்று எங்களுக்கு
கேக் வெட்டினார்கள்.
பேப்பர் தட்டில் ஆளுக்கொரு துண்டு,
பெட்டியைத் தூக்கிக்கொண்டு வெளியே.
கோடி வருஷத்தை ஒரு கோடாகப் பார்த்த கண்
இப்போது பையில் சேர்ந்த சிறுநீர்
எத்தனை மில்லி என்று பார்க்கிறது.
குறைச்சலாகத் தோன்றவில்லை.

பதினைந்து மாதப் படிப்பு, முப்பத்திரண்டு இடம்.
மனுவுக்கு வலு சேர்க்கத்தான்
உடலியலை மறுபடி படித்தேன்,
மீசை முளைக்காத பையன்களுக்கு நடுவே.
ஒரு பாதத்தில் இருபத்தாறு எலும்பு.
பேருந்து நிறுத்தத்தில் நின்றபடி
பூட்ஸுக்குள் ஒவ்வொன்றாக எண்ணுவேன்,
விறைத்துப்போனதை விட்டுவிட்டு.
இந்த முறை ஏ.

கட்டுரைதான் வசப்படவில்லை.
"சிறு வயது முதலே பிறருக்கு உதவ" என்று தொடங்கினேன்.
பொய். அழித்தேன்.
அப்பாவின் கடைசி மாதங்களை எழுதினேன்,
நன்றாகவே வந்திருந்தது.
தங்கை ஐலாவுக்குப் படித்துக் காட்டினேன்.
தொலைபேசியில் கொஞ்ச நேரம் சத்தமில்லை.
"எம்மெட், நீ ரெண்டு தடவைதான் வந்தே.
அதுல ஒரு தடவை கார்லயே தூங்கிட்டே."
அதையும் அழித்தேன்.

மீதி இருப்பது இரவு வேலை.
முதியோர் காப்பகத்தில் நானூற்று எண்பது மணி நேரம்,
முத்திரையோடு, கையெழுத்தோடு.
பிப்ரவரியில் ஒரு ராத்திரியும் அதில் அடக்கம்.
வெர்னா லிண்ட்குவிஸ்டின் கட்டில் சக்கரத்தைப்
பூட்டாமல் விட்டேன்.
அவர் எழுந்து பிடித்தார், கட்டில் நகர்ந்தது,
அவர் தரையில்.
எலும்பு முறியவில்லை. யாரும் பார்க்கவில்லை.
தூக்கி உட்காரவைத்துவிட்டு
நானே போய்ச் சொன்னேன்.
சொல்வதற்கு முன் நடைவழியில்
நான்கு நிமிடம் நின்றேன்.
அந்த நான்கு நிமிடம் எந்தப் படிவத்திலும் இல்லை.

பரிந்துரைக் கடிதம் ஜோலீன் ஆஹோ கொடுத்தது.
இரவுப் பொறுப்புச் செவிலி,
யாரையும் புகழ்ந்து நான் கேட்டதில்லை.
வண்டிக் கண்ணாடியில் பனியைச் சுரண்டிக்கொண்டே சொன்னார்:
"பிப்ரவரி விஷயத்தையும் எழுதியிருக்கேன்."
"நல்லவிதமாவா?"
"நடந்தவிதமா."
சுரண்டல் நிற்கவில்லை.
ஒரு வாரம் அவரிடம் நான் பேசவில்லை.
எட்டாம் நாள் ஊசி முனைக் காயத்துக்கு
கட்டுப்போட அவர்தான் வந்தார்,
அதனால் பேசவேண்டியதாயிற்று.

இன்று ஒன்பதாம் கேள்வியில்
சி மைனஸுக்கு ஒரு வரி ஒதுக்கினேன்:
"படிக்கவில்லை. இப்போது படித்துவிட்டேன்."
மிச்ச இடம் முழுக்கச் சக்கரம், தரை,
அந்த நான்கு நிமிடம்.

பதினொரு எழுத்து அதிகம் என்கிறது திரை.
தேடினேன்.
"துரதிர்ஷ்டவசமாக" என்றொரு சொல்
நடுவில் சும்மா நின்றிருந்தது.
அதையும் அதன் பின்னிருந்த இடைவெளியையும் எடுத்தேன்.
சரியாக ஐந்நூறு.

அனுப்பும் பொத்தான்
நாளை மாலை ஐந்து வரை திறந்திருக்கும்.
எனக்குப் பதினொரு மணிக்கு ஷிஃப்ட்.
வெர்னா இரண்டு மணிக்குத் தண்ணீர் கேட்பார்,
பாதி டம்ளர், ஐஸ் கூடாது.
போன மாதத்திலிருந்து என்னை
வேறொரு பெயர் சொல்லிக் கூப்பிடுகிறார்.
திருத்துவதில்லை.
சக்கரத்தைக் காலால் பூட்டுவேன்.
பிறகு குனிந்து
கையாலும் ஒருமுறை அசைத்துப் பார்ப்பேன்.