இருட்டட்டும், சொல்கிறேன்

ஹியுமா தீவில் ஜூன் மாதம்
இருட்டுக்கு விடுமுறை.
இரவு பதினொரு மணிக்கும் கல்வேலியின் மேல்
மோர் நிறத்தில் உட்கார்ந்திருக்கிறது வெளிச்சம்.
அந்த வெளிச்சத்தில் குனிந்து
களை பறிக்கிறாள் விர்வே,
யார் யாரோ தூங்குவதற்காக.

முக்கால் ஏக்கர்.
அதில் பாதி கல்.
மீதியில் வலேரியன், கொஞ்சம் சீமைச் சாமந்தி,
யாரும் நடாமல் தானே வந்த காஞ்சொறி.
காஞ்சொறியையும் விரட்டுவதில்லை அவள்.
அரிந்து பீப்பாயில் ஊறப்போட்டால்
ஊரே மூக்கைப் பொத்தும்,
பாத்திகள் மட்டும் வாயைத் திறக்கும்.

மார்ச் புயல் கரையில் எறிந்துவிட்டுப் போகும் பாசியைக்
கைவண்டியில் அள்ளி வருவாள்.
மழை உப்பைக் கழுவும்வரை
குவித்துவைத்துக் காத்திருப்பாள்.
கடலுக்கு அவள் ரசீது கொடுத்ததில்லை.

வலேரியன் இரண்டாம் ஆண்டில்
இடுப்பைத் தாண்டிப் பூக்கும்.
பூவை ஒடி, வேர் பெருக்கும்:
இது கணக்கு.
ஐந்தாவது வரிசையை மட்டும் ஒடிக்காமல் விடுகிறாள்.
பக்கத்து வயல் எண்டெல் ஒருநாள்
வேலியில் சாய்ந்து கேட்டார், ஏன் என்று.
"அது என்னுடையது இல்லையே."
தேனீ வேஷம் போட்ட ஈக்கள் அங்கே வந்து குடித்தன.
அவற்றின் பிள்ளைகள்
அடுத்த பாத்தியின் அசுவினியைத் தின்றன.
எண்டெல் தலையைச் சொறிந்துகொண்டு போனார்.
அந்த வாரம் மருந்தடிக்கும்போது
வேலியோரம் ஆறு மீட்டர் விட்டு அடித்தார்.
ஏன் என்று அவள் கேட்கவில்லை.

அந்த ஜூனில்தான் தாலினிலிருந்து கல்மெர் வந்தான்,
நகரத்துச் செருப்பு, தோல்பை,
மூலிகைத் தேநீர் நிறுவனத்தின் ஒப்பந்தம்.
இரண்டு டன் வேர் வேண்டும்.
ஜூனிபர் புதர்களை வெட்டலாம்,
கல்லைப் பொறுக்க இயந்திரம் வரும்,
களைக்குக் கறுப்பு பிளாஸ்டிக் விரிக்கலாம்.
அவன் கண்ணுக்குக் கீழே
இரண்டு ஊதாப் பைகள் தொங்கின.

"இருட்டட்டும், சொல்கிறேன்"
என்று களைக்கொத்தை எடுத்துக்கொண்டாள்.

காத்திருந்தான்.
ஒன்பது மணி வெயில்.
கடைசிப் படகு போன சத்தம்.
பன்னிரண்டுக்கும் தோல்பையின் கொக்கி
பளபளவென்று தெரிந்தது.
ஒரு மணிக்குத்தான் அவனுக்குப் புரிந்தது,
இந்த ஊரில் இருட்ட ஆகஸ்ட் ஆகும்.
சிரித்தானா, திட்டினானா,
இரண்டும் இருக்கலாம்.
அவள் கொடுத்த கோப்பையை முகர்ந்து
முகம் சுளித்துக் குடித்தான்.
வைக்கோல் பரணில்
வெளிச்சத்துக்கு முதுகு காட்டிக் கிடந்தான்
மறுநாள் பத்து மணிவரை.

ஒப்பந்தத் தாள்களை அவன்
மறந்தானோ, விட்டுப்போனானோ.
பின்பக்கம் வெள்ளையாக இருந்தது.

அக்டோபரில் தோண்டினாள்.
வேர்கள் இந்த ஆண்டு மெலிவு.
வடக்குப் பாத்தியில் வயலெலிகள்
தங்கள் பங்கை முன்பே எடுத்துக்கொண்டிருந்தன.
ஓடை நீரில் மண் போக அலசி
பழைய சௌனாவில் பரப்பினாள்.
நனைந்த காலுறையின் நாற்றம்.
அதற்காகவே தீவின் பூனைகள் திரண்டன.
எலி பிடிக்க வந்தவை அல்ல,
கிறங்க வந்தவை.

நாற்பது டிகிரி தாண்டக் கூடாது.
தாண்டினால் மணம் போகும்,
மணத்தோடு மருந்தும்.
குறைந்தால் பூஞ்சை.
ஆகவே ஒன்பது இரவு
அடுப்பு வாயருகே ஒரு முக்காலி.
இப்போது இருட்டு தாராளம்,
மாலை ஆறுக்கே முழுக்க இறங்கிவிடும்.
தூக்கத்தை உலர்த்த
ஒருத்தி விழித்திருக்க வேண்டியிருக்கிறது.

உழுதவள் கணக்குப் பார்த்தாள்.
முப்பத்தொரு கிலோ.
விதைக்கு எடுத்தது, எலிக்குப் போனது,
கடன், விறகு, படகுக் கூலி.
உழக்கு மிஞ்சியது.
மிஞ்சியதில் ஒரு சிறு பை கட்டி
ஒப்பந்தத் தாளில் சீட்டு கிழித்து
எழுதினாள்: கல்மெர், தாலின்.
கீழே ஒரு வரி:
இருட்டிவிட்டது. பதில், இல்லை.
இதைக் குடித்துத் தூங்கவும்.

கூரைமேல் ஒரு பூனை
கால் வழுக்கி விழுந்து
ஒன்றும் நடக்காததுபோல
மறுபடி ஏறுகிறது.
விர்வே ஒரு கட்டையை நகர்த்தி
தணலைத் தாழ்த்துகிறாள்.