கணிசமாக

பள்ளிக்கூட மொட்டைமாடியில்
என் பொறுப்பில் ஒரு கருவி
ஊரின் மூச்சை எண்ணிக்கொண்டிருக்கிறது.
கனெக்டிகட் கடற்கரை. ஜூன் மாதம்.
பிற்பகல் மூன்றுக்கு எண் சிவந்துவிடும்.
கீழே மைதானத்தில் நர்ஸ் ரோவீனா
பந்தைப் பிடுங்கிக்கொண்டு
பிள்ளைகளை உள்ளே விரட்டுவாள்.

நெருப்பில்லாமல் புகையாது என்பார்கள்.
இங்கே நெருப்பே இல்லை.
அது ஐந்நூறு மைல் மேற்கே
ஒஹாயோ ஆற்றங்கரையில் எரிகிறது.
அங்கேயோ புகை இல்லை.
ஆயிரம் அடிப் புகைபோக்கி
தன் காலடியை மட்டும்
துடைத்து வைத்திருக்கிறது.

வழக்குக்கு இது பதினோராவது வருஷம்.
வாஷிங்டனுக்குப் போயிருந்தேன்.
என் எண்கள் இணைப்பு நான்கில் இருந்தன,
நான் கடைசி பெஞ்சில்.

ஒரு மாநிலம் இன்னொன்றின் காற்றைக்
கணிசமாகக் கெடுக்கக் கூடாது.
சட்டம் அவ்வளவுதான்.
கணிசம் என்றால் எவ்வளவு?
நாற்பது நிமிடம்
அந்த ஒரு சொல்லை மென்றார்கள்.
நூற்றில் ஒன்று, என்றார் மத்திய அரசின் வக்கீல்.
மிச்சம் தொண்ணூற்றொன்பதைப் போய்க் கேளுங்கள்,
என்றார் எதிர்வக்கீல்.
ஒரு நீதிபதி இருமினார்.
தண்ணீர் வந்தது.
இருமல் பதிவேட்டில் ஏறவில்லை.

தாழ்வாரத்தில்
காபி இயந்திரம் என் காசை விழுங்கியபோது
தன் காசைப் போட்டுக் கொடுத்தவர்
க்ளேட்டன் வ்ராபெல். அந்த ஆலையின் கொதிகலன் ஆள்.
தொழிற்சங்கப் பேருந்தில் இரவெல்லாம் வந்தாராம்.

"வடிகட்டி இருக்கிறதம்மா, புத்தம் புதுசு.
அதை ஓட்டுவதைவிட
புகைவிடும் சீட்டு வாங்குவது மலிவு.
ஓட்டச் சொன்னால் நாளைக்கே ஓட்டுவேன்.
இழுத்து மூடச் சொன்னால்
எங்கள் ஊரையும் சேர்த்துத்தான் மூட வேண்டும்."

கொஞ்சம் யோசித்துவிட்டுக் கேட்டார்:
"அது எங்கள் புகை என்று
உங்கள் கருவிக்குத் தெரியுமா?"

தெரியாது என்றேன்.
அதற்கு ஊர்பேர் தெரியாது.

இடைக்காலத் தடை என்று தீர்ப்பு.
தடை விழுந்தது விதிக்கு.
புகைக்கு அல்ல.

திங்கட்கிழமைதோறும்
கருவிக்குச் சுத்தக் காற்று காட்ட வேண்டும்.
பூஜ்யம் எப்படியிருக்கும் என்பது
அதற்கு மறந்துபோகாமலிருக்க.
சிலிண்டரைத் திறந்தேன்.
எண் இறங்கி இறங்கி
ஒன்றுமில்லாமல் நின்றது.
நானும் குழாய்வாயருகே குனிந்து
ஒரு வாய் இழுத்துக்கொண்டேன்,
யாருக்கும் சொல்லாமல்.

காலிச் சிலிண்டரைத் திருப்பி அனுப்ப
முகவரிச் சீட்டைப் பார்த்தேன்.

ஒஹாயோ.