இரண்டு வெள்ளி எழுபது காசு

சிவப்பு விளக்கு மூன்றுமுறை மின்னுது தீதி,
நிக்குது, மறுபடி மூன்றுமுறை.
ஷெஃபாலியின் காணொளி பதினோரு நொடி.
பின்னணியில் ஒரு வாத்து.
யாரோ வெற்று வாளியைக் கவிழ்த்து வைக்கும் ஓசை.

தெம்பனிசில் இரவு பன்னிரண்டு தாண்டிவிட்டது.
ஏர்கானை அணைத்துவிட்டு இன்னொருமுறை கேட்டேன்.
பம்பு உயிரோடுதான் இருக்கிறது.
இன்வெர்ட்டர்தான் வாய் திறக்க மறுக்கிறது.

ஆறு வாரம் இருந்தேன் அங்கே.
சாத்கீராவுக்குத் தெற்கே, இறால் குட்டைகளின் நடுவே
கிணறும் கரிக்கும் ஊர்.
வேலைப்பயிற்சி என்றது தொழிற்கல்லூரி.
விமானச் சீட்டு, தினப்படி, கொசுமருந்து,
முதுகில் சின்னம் அச்சடித்த ஐந்து சட்டை.
நான் முடுக்கிய நட்டுகள் நாற்பது இருக்கலாம்,
எடுத்த படங்கள் தொள்ளாயிரம்.
ஷெஃபாலி எடுத்தது உப்பின் அளவு மட்டும்,
காலை ஒன்று மாலை ஒன்று,
தம்பியின் கணக்கு நோட்டில்
பின்பக்கத்திலிருந்து முன்னோக்கி.

திரும்பிவந்து ஒப்படைத்த அறிக்கையில்
பயனடைந்தோர் 412 என்று போட்டேன்.
டாக்டர் ஆங் அதைத் தடித்த எழுத்தாக்கச் சொன்னார்.
கைதட்டினார்கள். கறிபஃப் சூடாக இருந்தது.
நீடித்த நிலைத்தன்மை என்ற கட்டத்தில்
‘உள்ளூர் மக்களே பராமரிப்பார்கள்’ என்றெழுதியதும்
நான்தான்.
எதை வைத்து என்று யாரும் கேட்கவில்லை.
நானும்.

சனிக்கிழமை, சிம் லிம் டவர்.
கண்ணாடியை நெற்றிக்கு ஏற்றிய தவுக்கே
பார்க்காமலே இழுப்பறைக்குள் கைவிட்டு எடுத்தார்,
கட்டைவிரல் நுனியளவு கெப்பாசிட்டர்.
இரண்டு வெள்ளி நாற்பது காசு.
கூரியருக்கு அறுபத்தெட்டு வெள்ளி,
போய்ச்சேரும் நாள் சொல்லமுடியாதாம்.

ஞாயிறு மாலை லெம்பு சாலைத் திடலில்
ஊருக்குப் போகிறவர் உண்டா என்று
என் ஆறுவார வங்காளத்தில் கேட்டேன்.
சிரித்தார்கள். தண்ணீர் என நான் நினைத்துச் சொன்னது
வேறெதுவோ போலிருக்கிறது.

மொஹிபுல் வந்தான்.
என் வயதுதான். குல்னாக்காரன்.
வியாழன் விமானம், விடுப்பு பத்து நாள்.
பொட்டலத்தைப் பிரித்து விளக்கடியில் திருப்பினான்.
கட்டுமானத் தளத்தில் பொறுக்கிச் சேர்த்த தமிழ்
என் வங்காளத்தைவிட நன்றாக இருந்தது:

“இது எண்பத்தஞ்சு டிகிரி, சிஸ்டர். நூத்தஞ்சு வேணும்.
பெட்டி உள்ளே வெயில், இது வெந்துரும்.
போர்டுக்கு மேலே வார்னிஷ் அடிச்சீங்களா?
அங்கே காத்துலயும் உப்பு.”

அடிக்கவில்லை.
அடிக்கவேண்டும் என்று தெரிந்திருக்கவும் இல்லை.

குல்னா பாலிடெக்னிக்கில் மின்துறை டிப்ளமா.
இங்கே வீவக கூரைகளில் சூரியப் பலகை மாட்டுகிறான்.
போன மார்ச்சில் தெம்பனிஸ்,
எங்கள் வட்டாரம், ஒருவேளை எங்கள் புளோக்.
நான் துணி காயப்போட்டுக்கொண்டிருந்திருப்பேன்.
இங்கே வர ஏஜென்டுக்குக் கட்டியதாக
அவன் சொன்ன தொகையை
என் தினப்படியால் வகுக்கத் தொடங்கி
பாதியில் நிறுத்திக்கொண்டேன்.

திங்கள் போய் மாற்றினேன். முப்பது காசு கூடுதல்.
செவ்வாய் இரவு அவன் விடுதி வாசலில்
லாரி வந்து நிற்கும்வரை நின்று கொடுத்தேன்.
சட்டைப்பையில் போட்டுப் பொத்தானிட்டான்.

சனி, சேதி இல்லை.
ஞாயிறு இல்லை.
திங்கள் மதியம், வகுப்பு நடுவே, ஒரு படம்:
கணக்கு நோட்டின் பக்கம்.
காலை 1840. மாலை 310.
அதன் கீழே, எனக்குப் படிக்கத் தெரியாத எழுத்தில்
புதுக் கையெழுத்தாய் ஒரு வரி.
பக்கத்தை அழுத்திப் பிடித்திருந்த கட்டைவிரலில்
தேன்நிறத்தில் வார்னிஷ் கறை.

கல்லூரி அலுவலகத்துக்கு ரசீதை அனுப்பினேன்.
இரண்டு வெள்ளி எழுபது காசு.
எந்தச் செலவினத்தில் சேர்ப்பது என்று
கேட்டு எழுதியிருக்கிறார்கள்.
இன்னும் பதில் போடவில்லை.