வெள்ளிக்கிழமைக்கு வந்த வியாழக்கிழமை டாக்டர்

எனக்குச் சிரிக்கிற வேலை.
சிரிப்பது நானல்ல, என் விரல்கள்.
மொண்டெவிடியோவில் துறைமுகத்துக்குப் பின்னால்
பழைய தோல்கிடங்கைச் சுரண்டிக் கழுவிக் கட்டிய ஸ்டூடியோவில்
பதினோரு பொத்தான் வைத்த பெட்டி என்னுடையது.
மூன்றாவது, குபீர்.
ஐந்தாவதில் ஒருத்தி, எல்லோரும் சிரித்து ஓய்ந்தபின்
அப்போதுதான் புரிந்தவளாகத் தனியாகச் சிரிப்பாள்.
ஒன்பதைத் தொடமாட்டேன்,
அதில் யாரோ இருமுகிறார்.

வெள்ளி இரவு எட்டுக்கு, திருமதி பெர்டோமோவின் விடுதி.
வாடகை பாக்கி வைத்த நாலு பேர், ஒரு கிளி.
கதவு திறந்தால் சிரிப்பு, சாத்தினாலும் சிரிப்பு.
வியாழன் இரவு ஒன்பதுக்கு, நான்காம் வார்டு.
அதற்குச் சிரிப்பு வேண்டாம்.
ஆகவே வியாழக்கிழமைகளில் நான் வீட்டில்,
அக்காவோடு ஒரே மாத்தேக் குடுவையை மாற்றி மாற்றி உறிஞ்சியபடி
ஊரோடு சேர்ந்து அழுவேன்.

மேல்மாடியில் யாரோ கணக்குப் போட்டார்:
வியாழன் கூட்டத்தை வெள்ளிக்கு இழுக்கவேண்டும்.
ஒரே ஒரு நாள்
டாக்டர் இரியார்த்தே விடுதிக்குப் போகட்டும்.
கிளி ஒரு பொத்தானை விழுங்கிவிட்டது,
கூப்பிடு டாக்டரை.
அவ்வளவுதான் கதை.

முந்தின இரவு அந்தப் பையன் சாகப்போவது
இவர்களுக்குத் தெரியாது.
அந்தக் கதைக்கு வேறு ஆட்கள், வேறு தளம், வேறு காபி.
நிகாசியோ, ஒன்பது வயது.
மூன்று வாரம் இழுத்தார்கள்.
ஒன்பது ஐம்பத்திரண்டுக்கு
கட்டிலுக்கு அடியில் ஒரு கோலிகுண்டு உருண்டு ஓடியது.
டாக்டர் கையுறையைக் கழற்றினார்.
எதிர்வீட்டு ஜன்னலிலும் கழற்றினார்.
அடுப்பை அணைக்கப் போன அக்கா
வெகுநேரம் திரும்பி வரவில்லை.

வெள்ளி, எட்டு பதினேழு.
நேரடி ஒளிபரப்பு, தவறினால் தவறியதுதான்.
விடுதிக் கதவைத் திறந்துகொண்டு எல்பியோ ரவேரா வந்தார்.
துவைக்க நேரமில்லாமல் நான்காம் வார்டிலிருந்து
அப்படியே எடுத்து மாட்டிய வெள்ளைக் கோட்டு.
முழங்கையருகே நேற்றைய கறை.
பீட்ரூட் சாறுதான், எனக்குத் தெரியும்.
தெரிந்து என்ன.
"நோயாளி எங்கே?" என்றார்.
என் தாளில் குறித்திருந்தது: மூன்று, உடனே ஐந்து.

விரல் இறங்கவில்லை.

விளக்குகள் ரீங்கரிப்பதை
அன்றைக்குத்தான் முதன்முதலாகக் கேட்டேன்.
திருமதி பெர்டோமோவாக நிற்கும் ஓல்கா
இன்னொரு படி இருக்கிறதென்று இருட்டில் கால் வைத்தவள்போலத்
தடுமாறினாள்.
சிரிப்பு ஓயாமல் அடுத்த வரியைச் சொல்லிப்
பழக்கமில்லை அவளுக்கு.
காதில் இயக்குநர் கத்துகிறார்:
"உன் பொத்தானையும் கிளி விழுங்கிவிட்டதா?"

எல்பியோ கிளியைப் பார்த்தார்.
தன் கைகளைப் பார்த்தார்.
நாற்காலியை இழுத்து உட்கார்ந்தார், எந்தத் தாளிலும் அது இல்லை.
"தாமதமாக வந்துவிட்டேனா?"

ஓல்கா தன் விடுதிக் குரலை எங்கோ இறக்கி வைத்துவிட்டு,
"இல்லை டாக்டர். சூப் சூடாகத்தான் இருக்கிறது,
சாப்பிடுங்கள்" என்றாள்.
பொய் சூப்புதான், வெந்நீரில் சாயம்.
ஆனாலும் ஒரு கரண்டி குடித்தார்.
பாக்கிக்காரர்கள் நால்வரும்
ஒவ்வொருவராகத் தொப்பியைக் கழற்றினார்கள்.

அப்போது கூண்டுக்குள்ளிருந்து
கிளி சிரித்தது.
என் ஐந்தாவது பொத்தான், அச்சு அசலாக.
அந்தப் பெண்ணின் மூச்சிழுப்புகூட விடாமல்.
ஆறு வருஷமாகப் பாடம் கேட்டிருக்கிறது கழுதை.

எல்பியோவின் தோள்கள் குலுங்கின.
சிரிக்கிறாரா என்று நான் பார்ப்பதற்குள்
கேமரா மூன்று கிளிக்கு மாறியது,
கிளியிலிருந்து சோப்பு விளம்பரத்துக்கு.

அடுத்த மாதம் என்னை வானிலைக்கு மாற்றினார்கள்.
அங்கே எனக்கு இரண்டே பொத்தான்,
மழை, காற்று.

அன்று இரவு நான் வீடு திரும்பியபோது
அக்கா விழித்திருந்தாள்.
ஏன் அமுக்கவில்லை என்று கேட்பாள் என்று
பதில் யோசித்துக்கொண்டே படியேறியிருந்தேன்.
அவள் கேட்டது வேறு:
"கிளிக்கு என்னாயிற்று,
அந்தப் பொத்தான் வெளியே வந்ததா?"

தெரியாது, என்றேன்.
அதற்குள் நேரம் முடிந்துவிட்டது.